மாக்கிறட் மச்சாளின் வாய்ப்புண்

1979ஆம் ஆண்டு தவக்காலத்தில் என் அண்ணன் சந்தியோகுவின் மனைவி மாக்கிறட் மச்சாள் பூசையில் நன்மை எடுப்பதை, அதாவது நற்கருணை அப்பம் வாங்குவதை, நிறுத்திவிட்டார். பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார். ஆனால் பூசையில் எல்லாரும் நன்மை எடுக்க எழும்பும்போது அவர் மட்டும் முழந்தாளிலேயே இருப்பார். எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் இதைக் காணாத கண் இல்லை.

"பங்குச் சுவாமி பாவமன்னிப்புக் குடுக்கேல்லைப்போல," என்று கருவாடு காயப்போடும் இடத்தில் அருளம்மா சொன்னாள். "புருசன் நாலு மாதம் மற்றக் கரையில மீன்பிடிக்க வாடி போட்டு நிண்டவன்தானே. என்ன நடந்துதோ!"

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் குனிந்து மீனைப் பிளந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. மச்சாளின் வாய்க்குள் தோல் உரிந்து கிடந்தது எனக்குத் தெரியும். நற்கருணை அந்தப் புண்ணில் ஒட்டினால் விழுங்க ஏலாது, துப்பவும் கூடாது. அந்தப் பயம்தான். கேட்டவர்களுக்கு வாய்ப்புண் என்று சொல்லிப் பார்த்தார். இத்தனை மாதமாக ஒரு வாய்ப்புண்ணா என்று ஒருவரும் நம்பவில்லை.

வைகாசியில் நெஞ்சிலும் முகத்திலும் நீர்க்கொப்புளம் போட்டது. தொட்டால் தோல் கழன்றது. மேகநோய், கள்ள உறவில் தொத்துவது என்று யாரோ அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆரிட்ட வாங்கினனீ?" என்று ஒருநாள் மச்சாளிடம் கேட்டார். பிறகு பேச்சே இல்லை. சாப்பாடும் பெரியண்ணன் வீட்டில். மச்சாள் அழவில்லை. அழுதால் கன்னத்துப் புண் எரியும் என்றார்.

நான்தான் மச்சாளை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தோலில் சிறு துண்டு வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை கழித்துத் திரும்பவும் போனோம்.

"இது தொத்துற வருத்தமில்லை அம்மா. ஒருத்தரிட்டையும் வாங்கினதுமில்லை," என்றார் டொக்டர்.

கிருமியை எதிர்க்கவென்று எங்கள் இரத்தத்தில் உயிர்க்கலங்கள் இருக்கின்றனவாம். அவை செய்யும் பொருளுக்குப் பிறபொருளெதிரி என்று பெயர். அது கிருமியில் போய் ஒட்டவேண்டியது. மச்சாளுக்கு அது தோலின் கலங்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் பசையில் ஒட்டி, அந்தப் பிடியை விடச் செய்கிறதாம்.

"ஏன் எனக்கு?"

"அது எங்களுக்கும் தெரியாது."

குளிசை வருடக்கணக்காக விழுங்கவேண்டும், அதனால் முகம் ஊதும் என்றார். பஸ்ஸில் மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அவருக்கு நீயே சொல்லு. நான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்."

மறுநாள் மத்தியானம் அண்ணன் கரையில் வள்ளத்துப் பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாமல் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். கனநேரம் பக்கத்தில் நின்றேன்.

"என்னடி, மரம்போல நிக்கிறாய்?"

"அண்ணை, மச்சாளுக்கும் இதுதான். பலகை நல்ல பலகை. இந்தப் பஞ்சை அவவின்ர இரத்தமே பிடுங்குது. வாயிலதான் முதல் துவங்கினது. அதுதான் நன்மை எடுக்கேல்லை. டொக்டர் எழுதித் தந்தவர், இந்தாங்கோ."

அவருக்கு இங்கிலீசு தெரியாது. ஆனாலும் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒருத்தரிட்டையும் வாங்கேல்லையோ?"

"இல்லை."

என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தார். மச்சாள் பாயில் படுத்திருந்தார். பானையில் இருந்த கஞ்சியை அண்ணனுக்கு ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவுடன் நிமிர்ந்தார்.

"உப்பில்லை."

"உப்பு, புளி, உறைப்பு ஒண்டும் ஏலாது," என்றார் மச்சாள்.

"எவ்வளவு நாளா?"

"தவக்காலத்துக்கு முந்தியிருந்து."

அண்ணன் மிச்சம் வைக்காமல் குடித்தார். "நான் பிழையா நினைச்சிட்டன், மாக்கிறட்."

"ஓம்," என்று மச்சாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அங்கிருந்தபடியே சொன்னார்: "கோப்பையைக் கழுவி வையுங்கோ. எனக்கு எழும்ப ஏலாது."