வேலாப்போடியார் கொண்டுபோகாத போத்தல்

எந்த நாளில் விதைப்பது என்று எங்கள் வயல் வட்டைக் கூட்டத்தில் நாங்கள் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் தோணிக்காரர் கரையில் இறங்கி நேரே என்னிடம் வந்தார். "விதானையார், வேலாப்போடியார் மோசம் போயிற்றார்" என்று சாவுச் செய்தி சொன்னார். பக்கத்து வட்டைக்கு விதானையாராக இருந்து, வயலுக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டவர் அவர். எனக்கு மச்சான் முறை. பின்னால் இருந்த ஒருவன், "கூடாத வருத்தமாமே" என்று கண்ணைச் சிமிட்டினான். கையிலிருந்த கடதாசிக் கட்டை அவன் முகத்தில் எறிந்தேன். அதற்காக நான் வருந்தவில்லை.

சிறுநீரில் இரத்தம் போனால் அது கண்ட இடத்தில் வாங்கிய நோய்தான் என்று தீர்ப்புச் சொல்கிற ஊர் இது. அவரோடு ஒரே வாய்க்கால் தண்ணீரைக் குடித்தவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள். வெட்கமில்லையா உங்களுக்கு? அந்தப் பேச்சுக்குப் பயந்தே அவர் மாதக்கணக்காக வாய் திறக்கவில்லை. ஒருநாள் வரம்பில் நடக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "நோ ஒண்டுமில்ல மச்சான். ரெண்டு நாளைக்குச் செவப்பாப் போகிது, மறுகா தெளிஞ்சிருது. வெளியில விட்டிராத."

மடை திறந்ததும் தண்ணீர் கலங்கி வருகிறதென்று கத்துகிறவர்களை அவர் எப்படி அடக்குவார் என்பது உங்களுக்குத் தெரியும். "ஒள்ளுப்பம் பொறுங்க. முதல் தண்ணி குப்பையெல்லாம் இழுத்துக்கிட்டுத்தான் வரும். அது போகட்டும், தெளிஞ்சதப் பாத்துப் பேசுவம்." வாய்க்கால் விஷயத்தில் அவர் சொன்னது ஒருநாளும் பிழையானதில்லை.

பட்டணத்து ஆசுபத்திரியில் காலைச் சிறுநீரைப் போத்தலில் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் கொடுத்தது தெளிந்த நாளின் சிறுநீர். சோதித்தவர்கள் ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். "இரத்தம் போகிது ஐயா" என்று இவர் கும்பிட்டுச் சொன்னார். டொக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கடதாசியில் இரத்தம் இல்லையே. பார்லித் தண்ணி குடி, போ" என்றார். இது எந்த நாளின் சிறுநீர் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

அடுத்த மாரியில் இரத்தம் கட்டியாக அடைத்து, சிறுநீர் போகாமல் துடித்த பிறகுதான் கொழும்புக்கு எழுதித் தந்தார்கள். நானும் கூட ரயில் கோச்சி ஏறினேன். அங்கே ஓர் ஆசுபத்திரியில், நுனியில் விளக்குள்ள குழாயைச் சிறுநீர் வழியாகவே உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சுற்றி நின்ற மாணவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து இங்கிலீசில் பேசிக்கொண்டார்களாம். அவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒட்டிய கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது, நோவோடும் சிரித்துக்கொண்டு சொன்னார்: "என்ட வட்டைக்குள்ள இறங்கிற எருமைக்காரனும் என்னட்டச் சொல்லிற்றுத்தான் இறங்குவான். இவனுகள் என்ட வயித்துக்குள்ளயே பாத்திற்று, என்ன கண்டதெண்டு சொல்லல்லையே மச்சான்!"

பட்டணத்து டொக்டர் அந்தக் கடிதத்தைப் படித்தார். சிறுநீர்ப்பையில் வளர்ச்சி, புற்றாக இருக்கலாம், வெட்டுவதற்கும் பிந்திவிட்டது என்றார். பிறகு, "முந்தியே ஏன் வரவில்லை?" என்று கேட்டார். பார்லித் தண்ணி குடிக்கச் சொன்ன அதே மனிதர்! நான் மேசையில் ஓங்கி அடித்தேன். வேலாப்போடியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு மச்சான். நான்தானே தெளிஞ்சதக் குடுத்தன். பிழை என்ட."

அவரை அறிந்தவர்களே, அது பொய். முதன்முதல் சோதனைக்குச் சிறுநீர் கொண்டு ஆசுபத்திரிக்குப் புறப்பட்ட காலையில் அவர் கையில் இரண்டு போத்தல்கள் இருந்தன. ஒன்று மூன்று நாளுக்கு முந்தியது, சிவப்பு. மற்றது அன்றைக்குப் பிடித்தது, தெளிவு. "எதக் குடுக்கிற மச்சான்?" என்று தோணித்துறையில் வைத்து என்னைக் கேட்டார். "சீ, இந்தக் கலங்கலையா பெரிய மனுசருக்குக் காட்டப்போறீங்க? நீங்கதானே சொல்லுவீங்க, தெளிஞ்சதப் பாக்கணுமெண்டு" என்று சொல்லி, சிவப்பை நானே வாவியில் ஊற்றினேன். டொக்டரிடமோ, பெண்சாதியிடமோ, சாகும்வரை வேறு எவரிடமோ அவர் என் பெயரைச் சொல்லவில்லை. கோபம் கோபமாக இவ்வளவும் எழுதியவன் அந்தக் கோபத்தில் பாதியைத் தனக்கே வைத்துக்கொள்ள வேண்டியவன்.

நான் ஊற்றிய போத்தல் என்னிடம்தான் இருக்கிறது, சாம்பல் போட்டு விளக்கி வைத்திருக்கிறேன். உங்களில் எவருக்காவது சிவப்பாகப் போனால் அன்றைக்கே என் வீட்டுக்கு வாருங்கள். போத்தலைத் தருகிறேன். கலங்கலோடு எடுத்துக்கொண்டு வாருங்கள், தோணியில் நானும் கூட வருகிறேன். இந்தமுறை நான் ஊற்றமாட்டேன்.