ஈறுக்குள் பன்னிரண்டு பேர்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர் திரும்ப வரச் சொல்லியும் நான் போகவில்லை. கல்யாண சீசன்; சமையல்காரனுக்கு வாயைக் கவனிக்க ஏது நேரம்? மதியப் பந்தி முடிந்ததும் மண்டபத்துச் சமையல்கட்டில், குவிந்து கிடக்கும் பலாத்தோலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குவேன். ஈ மொய்ப்பதெல்லாம் தூங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

சில நாளில் ஈறு வீங்கியது. உள்ளே ஏதோ குறுகுறுத்தது. என் மனைவி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, புழு நெளியறது!" என்று அலறினாள்.

புழுவைவிட ஊர் வாய்க்குத்தான் அதிகம் பயந்தேன். நாங்கள் குடியிருக்கும் கோட்டைத் தெருக்களில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும், அப்புறம் என்னைச் சமைக்க யார் கூப்பிடுவார்கள்? பத்து நாளில் ஒரு கல்யாணம் வேறு ஒப்புக்கொண்டிருந்தேன். அதனால் தெரிந்த முகமே இல்லாத இடமாகப் பார்த்து, பஸ் ஏறி, கழக்கூட்டம் தாண்டி ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன். இளம் டாக்டர் முகக்கவசத்தை இறக்கி என்னை உற்றுப் பார்த்தாள்.

"மாமா, நீங்களா!"

நான் சமைக்க ஒப்புக்கொண்ட அந்தக் கல்யாணத்துப் பெண்ணேதான். பந்திக்கு என்னென்ன என்று பேசப் போனபோது, அடைப்பிரதமன் பாயசம் கட்டாயம் வேண்டும் என்று அடம் பிடித்தவள். எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவள் அலட்டிக்கொள்ளவில்லை. டர்பன்டைனில் நனைத்த பஞ்சை ஈறில் வைத்தாள். மூச்சு முட்டித் தலை நீட்டிய புழுக்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். பதினொன்று ஆனது.

"அசங்காதீங்கோ, இன்னும் ஒரு விருதன் உள்ள ஒளிஞ்சிண்டிருக்கான்."

அவனும் வந்தான். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கல்யாணத்துக்கு வேற ஆளைச் சொல்லட்டுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"எதுக்கு? நிவேத்தியம் ஆகறவரைக்கும் நீங்க வாயில வச்சுப் பாக்கறதே இல்லையே. மருந்தை ஒழுங்காச் சாப்பிடுங்கோ. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

உண்மைதான். சுவாமிக்குக் காட்டும்வரை உப்பையும் இனிப்பையும் நாங்கள் மூக்கால்தான் பார்ப்போம். அந்த வழக்கம் என் மானத்தையும் காப்பாற்றும் என்று நான் நினைத்ததே இல்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்து பிரதமனை இறக்கிக்கொண்டிருந்தேன். மாலையும் கழுத்துமாகச் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். கொல்லைக் குழாயடிக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வாயைத் தொறங்கோ மாமா."

மொபைல் வெளிச்சத்தில் இடமும் வலமும் பார்த்தாள்.

"ஆறிடுத்து. சரி, எனக்கு இலை போடச் சொல்லுங்கோ. பசி உயிர் போறது. முதல்ல பிரதமன்!"

நானே வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனேன். அவள் போதும் போதும் என்று கையால் மறிக்கிறவரை ஊற்றினேன்.