214 இன்னும் ஓடுது

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு நஷ்டமில்லை. பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான். கணினி வேலைக்காரனுக்கு எதற்கும் ஒரு காரணம் கிடைத்தாக வேண்டும். இதற்கு மட்டும் இத்தனை வருஷமாகத் தேடியும் கிடைக்கவில்லை. பாதி சிர்க்கா சொன்னது. மீதி என் காதாலேயே போனில் கேட்டது.

1996, டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை. பின்லாந்தின் சுதந்திர நாள். ஊர் ஔலு. சிர்க்காதான் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள், நாற்பத்து மூன்று வயது. அவள் புருஷன் யோர்மா அங்கேயே ஆராய்ச்சியாளன். நவம்பர் 9 அன்று மீன் பிடிக்க உறைந்த ஏரிமேல் நடந்தவன், பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டான். இரண்டு வாரம் கழித்து அடக்கம். சிர்க்கா அழவில்லை. அடுத்த திங்களே வேலைக்கு வந்தாள். காபி குடித்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

யோர்மா ஒன்றை விட்டுப் போயிருந்தான். செப்டம்பர் 27 அன்று அவன் தொடங்கிவைத்த ஒரு கணக்கு, சீக்கா என்று பேர் வைத்த லினக்ஸ் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற நிரல்களின் பட்டியலில் அதன் எண் 214. முடிய நூறு நாளுக்கு மேல் ஆகும். முடிந்தால்தான் விடையை எழுதும். நடுவில் கணினியை அணைத்தால் அத்தனையும் போச்சு. மடத்தனமாக எழுதியிருக்கிறாய் என்று அவனிடம் நானே சண்டை போட்டிருக்கிறேன்.

தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் சிர்க்கா பட்டியலைப் பார்ப்பாள். 214, பக்கத்தில் யோர்மாவின் பேர். ஓடுகிறது. பிறகுதான் கோட்டை மாட்டுவாள்.

வியாழக்கிழமை காபி நேரத்தில் துறைத் தலைவர் ரெய்ஜோ வந்தார்.

"திங்கக்கிழமை என் புது ப்ரோக்ராம் ஓடணும் சிர்க்கா. சீக்காவுல இருக்கற லைப்ரரி அரதப் பழசு."

"நாளைக்கு அப்கிரேடு பண்றேன்."

"அப்படியே ரீபூட்டும் பண்ணிடு."

"மாட்டேன்."

"நாளைக்கு லீவாச்சேம்மா. சுதந்திர நாளுக்கு ஜன்னல்ல மெழுகுவத்தி ஏத்த வேணாமா?"

"யாருக்கு?"

ரெய்ஜோ காபிக் கோப்பையோடு தன் அறைக்குப் போனார்.

வெள்ளியன்று கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. அவள் வந்தபோது மணி 1:10. பேய்க் கதைக்கு நடுராத்திரி வரை எதற்குக் காத்திருப்பது, டிசம்பரில் எங்கள் ஊரில் இரண்டேகாலுக்கே இருட்டிவிடும். 2:25-க்கு முதல் மென்பொருள் பேக்கேஜைப் போட்டாள். 'இந்த அமைப்புக் கோப்பை யாரோ திருத்தியிருக்கிறார்கள், பழையது இருக்கட்டுமா, புதியதைப் போடவா?' என்று கணினி கேட்டது. திருத்தியது யோர்மா. பழையது. அடுத்த கோப்பு. பழையது. விரல் தானாக அடித்துக்கொண்டே போனது.

2:41. லைப்ரரி.

அந்தக் காலத்து லினக்ஸில் சின்னக் கட்டளைகூட லைப்ரரி என்கிற ஒரே ஒரு பொதுக் கோப்பை நம்பித்தான் எழும். அது எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு இணைப்பு இருக்கும். புது லைப்ரரிக்கு அந்த இணைப்பை ஒரே அடியில் திருப்ப வேண்டும். பழைய இணைப்பை முதலில் அழித்தால் தொலைந்தோம், புதியதைப் போடும் கட்டளையும் எழாது. சிர்க்காவே பத்துப் பேருக்குப் பாடம் எடுத்த விஷயம் இது.

அவள் அழித்துவிட்டாள். நாலு வாரமாகத் தூக்கம் கிடையாது.

ஏற்கெனவே ஓடுவது ஓடும். புதிதாக எதுவும் எழாது. திரைக்குள்ளேயே இருக்கும் ஓரிரு கட்டளைகள் மட்டும் மிச்சம். அதை வைத்துக்கொண்டு 214 இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது.

2:48-க்கு என் வீட்டுப் போன் அடித்தது.

"ஏஸா, இணைப்பை அழிச்சிட்டேன்."

"அடிப்பாவி! நீயா?"

"நான்தான்."

"பிளாப்பி போட்டு ரீபூட் பண்றதைத் தவிர வழியே இல்ல, தெரியுமில்ல?"

"214 போயிடும்."

வேறு வழி உண்டா என்று யோசித்தேன்.

அப்போது கேட்டது. டக்... டக்... டக். தூரத்தில் யாரோ தட்டச்சு செய்கிறார்கள்.

"கூட யாரு?"

"யாருமில்ல."

"கேக்குதே சிர்க்கா."

"எனக்கும் கேக்குது. யோர்மா ரூம்லேருந்து."

யோர்மாவுக்கு இரண்டு விரல்தான் ஓடும். எழுத்துகள் மெதுவாக வரும். கடைசி விசையை மட்டும் ஓங்கி அடிப்பான்.

டக்... டக்... டக்... டொக்.

"பூட்டியிருக்கு. சாவி என்கிட்டதான் இருக்கு," என்றாள். "பாத்துட்டு வரேன்."

போனை மேசைமேல் வைத்தாள். காலடி நகர்ந்தது. பூட்டுத் திறக்கும் சத்தம் சன்னமாகக் கேட்டது. மணி 2:52.

அறை இருட்டு. விளக்கைப் போட்டாள். திரை அணைந்திருந்தது. விசைகள்மேல் ஒரு மாதத் தூசி. ஒரு விரல் தடம்கூட இல்லை. சத்தமும் நின்றுவிட்டது. பயமே வரவில்லை என்று பின்னால் சொன்னாள். அவளுக்கு எதுவுமே வரவில்லை.

எனக்கு வந்தது.

ஏனென்றால் எனக்குச் சத்தம் நிற்கவில்லை.

இப்போது தூரத்தில் இல்லை. போனுக்குப் பக்கத்தில். சிர்க்காவின் விசைப்பலகையில்.

டக்...

டக்...

"சிர்க்கா?"

டொக்.

அதன்பிறகு காலடி. போனை எடுத்தாள்.

"ரூம்ல யாருமில்ல."

"இப்ப டைப் பண்ணது நீதானே?"

"நான் அங்கல்ல இருந்தேன்."



"ஏஸா... இணைப்பு இருக்கு."

"எது?"

"நான் அழிச்சது. திரும்ப இருக்கு. எல்லாக் கட்டளையும் வேலை செய்யுது."

"214?"

"ஓடுது."

போனை வைத்துவிட்டாள். மணி 2:57.

திங்கட்கிழமை ரெய்ஜோவின் ப்ரோக்ராம் ஜம்மென்று ஓடியது. எனக்கு மனசு ஆறவில்லை. கணினி தனக்குத்தானே எழுதிவைக்கும் பதிவை எடுத்துப் படித்தேன். வெள்ளிக்கிழமையில் ஒன்றுமே இல்லை. பின்னோக்கிப் போனேன்.

நவம்பர் 23, சனிக்கிழமை, 12:07. சீக்கா புதிதாக எழுந்திருக்கிறது.

காவலாளியைப் பிடித்துக் கேட்டேன். அன்று கட்டடத்தில் பதினோரு நிமிஷம் கரண்ட் இல்லையாம். எங்களில் யாருக்கும் தெரியாது. துறை முழுக்கச் சர்ச்சில் இருந்தோம், யோர்மாவின் அடக்கத்தில்.

கரண்ட் போனால் ஓடுகிற நிரல் எதுவும் பிழைக்காது. அதை மறுபடி தொடங்கத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் சவப்பெட்டிக்குள் இருந்தான்.

சிர்க்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். கணினி எழுந்து பதினாறு நாள். 214 ஓடுவது எழுபத்து மூன்று நாள். இரண்டும் ஒரே திரையில், மேலும் கீழுமாக.

அவள் இரண்டு எண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்கே நின்னு போச்சு."

"ஆமா."

"ஆனா ஓடுதே."

"ஓடுது."

ஒரு மாதமாக அழாதவள் அழுதாள். சத்தமே இல்லை.

"நிறுத்திடட்டுமா?" என்றேன்.

"தொடாதே ஏஸா," என்றாள். "அவர் முடிச்சுக்கட்டும்."