கேட்காமல் விட்ட கேள்விகள்

தம்பிக்கு இரண்டு வருடச் சிறை என்று மாஜிஸ்திரேட் வாசித்தபோது நான் எங்கள் வக்கீலைத்தான் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி துடியலூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பக்கத்துக் கடைக்காரரை யாரோ பின்னாலிருந்து இரும்புக் கம்பியால் அடித்துத் தோளெலும்பை முறித்துவிட்டார்கள். பொதுச் சுவர் விஷயமாக ஏற்கெனவே தகராறு இருந்ததால் பழி இவன்மேல் விழுந்தது. அந்தச் சாயங்காலம் அவன் ஆர்.எஸ்.புரம் கண் கிளினிக்கில் அம்மாவோடும் என்னோடும் உட்கார்ந்திருந்தான். வக்கீலிடம் சொன்னோம்.

"பாத்துக்கலாமுங்க அம்மணி" என்றார்.

கண் டாக்டரையும் கூப்பிடவில்லை, என்னையும் கூண்டில் ஏற்றவில்லை. நேரில் பார்த்ததாகச் சொன்ன ஒரே சாட்சியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான், அடிபட்டவரின் மச்சான் காரிலிருந்து எங்கள் வக்கீல் இறங்கியதை நான் பார்த்திருந்தேன்.

ஜாமீன் வாங்கி, அப்பீலுக்கு வேறொரு வக்கீலம்மாவிடம் போனோம். கார் விஷயத்தைத்தான் முதலில் சொன்னேன்.

"அதை வெச்சு அப்பீல் நிக்காதுங்க. வக்கீல் சரியில்லைன்னு தோத்தவங்க எல்லாருமே சொல்லுவாங்க. அவரு எதைக் கேக்காம உட்டாரு, கேட்டிருந்தா தீர்ப்பு மாறியிருக்குமா, அதைத்தான் காட்டோணும்."

மறுவாரம் கோர்ட் வராந்தாவில் அந்தம்மா பழைய வக்கீலிடம் "சவுக்கியமுங்களா சார்?" என்று சிரித்துப் பேசுவதைப் பார்த்தேன். இந்த வக்கீலம்மாவையும் மாற்றிவிடலாம் என்று தம்பியிடம் சொன்னேன்.

"எல்லாரையும் சந்தேகப்பட்டா யாருகிட்டத்தான் போறது அக்கா?" என்றான் தம்பி.

வக்கீலம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "அவரு உங்களுக்கு வேண்டியவருங்களா?"

வக்கீலம்மா கோபப்படவில்லை. "தெனமும் பாக்கற ஆளுங்க. அவரு பண்ணுனது தப்புன்னு அவரு காதுபடவே சொல்லுவேன். வந்து கேளுங்க."

அப்பீல் விசாரணையில் அப்படியே சொன்னார். செஷன்ஸ் நீதிபதி தண்டனையை ரத்துசெய்து, எங்கள் சாட்சிகளைக் கேட்கவும் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் வழக்கைத் திருப்பி அனுப்பினார்.

கூண்டில் அந்த மனிதரிடம் வக்கீலம்மா கேட்டார்: "மூஞ்சியப் பாத்தீங்களா?"

"முதுகுதானுங்க. சட்டையப் பாத்து இவராத்தான் இருக்குமுன்னு சொன்னேன்."

டாக்டரும் நானும் சாட்சி சொன்னோம். தம்பி விடுதலையானான்.

அன்று வெளியே பழைய வக்கீல் எதிரில் வந்தார். "எனக்கு அப்ப ஒடம்பு சரியில்லைங்க அம்மணி. கேஸைப் படிக்காமயே வந்து நின்னுபோட்டேன்" என்றார். தம்பி நம்பினான். அந்தக் காரைப் பற்றிக் கேட்க எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

அவருக்காகக் காத்திருந்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். வெள்ளகோவில்காரி, புருஷன் மேல் கேஸாம். "ஏனுங்க்கா, இவரு நல்ல வக்கீலுங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான். "ஆனா சாட்சி சொல்ற அன்னைக்கெல்லாம் நீங்களும் உள்ளே வந்து உக்காருங்க. கேள்வி கேக்கலைன்னா, ஏன்னு அங்கயே கேட்டுருங்க."

அவள் என்னையே சந்தேகமாகப் பார்த்தாள்.