மற்ற சிம்முக்கு வந்தவை

கொக்கிளாயில் எங்கள் வீட்டில் ஒரு சிம்முக்குத்தான் சிக்னல். மற்ற சிம் முல்லைத்தீவுக்குப் போனால்தான் வேலைசெய்யும்.

இன்று காலை, வவுனியா ஆஸ்பத்திரியில் இருக்கும் மாமாவைப் பார்க்கப் பஸ் ஏறினேன். மடியில் அவர் கேட்ட தோடம்பழம்.

முல்லைத்தீவில் அந்த மற்ற சிம்முக்கு இரண்டு செய்திகள் வந்தன. மாமாவின் மகள், என் மச்சாள், நேற்று அனுப்பியவை. பிந்தி அனுப்பியது முந்தி வந்தது.

“அப்பா போயிட்டார் அத்தான். இனி அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ.”

அதற்குப் பிறகு: “அப்பா உங்களைக் கேக்கிறார். உடன வெளிக்கிட்டு கெதியா வாங்கோ.”

மச்சாளுக்கு கோல் எடுத்தேன். “வீட்டில வேலைசெய்யிற நம்பருக்கு எடுத்திருக்கலாமே?”

“ஒரே நெட்வேர்க் எண்டா ஃப்ரீ, இதுக்கே எடுங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

ஓம், நான்தான் சொன்னேன்.

அந்த ஃப்ரீ கோல் பக்கேஜில் இன்னும் நிறைய நிமிடங்கள் மிச்சம். யாருக்கு எடுக்கலாம், சொல்லுங்கோ.