என்னைப் பார்த்து மட்டும் உறுமிய நாய்

புகுந்த வீட்டில் எனக்கு முதலில் எதிர்ப்பைத் தெரிவித்தது ஒரு நாய். மற்றவர்கள் வசதியாக அதற்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

நான் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கணவர் வீடு ஆலங்குடிக்குப் பக்கத்தில், தென்னையும் கடலையும் போடுகிற குடும்பம். அந்த வீட்டுச் சுவரில் எல்லாச் சாமியும் உண்டு, என் சாமியைத் தவிர. காதல் கல்யாணம் என்பதால் இரண்டு தரப்பும் அழுது, முறைத்து, கடைசியில் மண்டபம் பிடித்துச் சாப்பாடு போட்டுச் சமாதானமானார்கள். ஆனாலும் சமாதானம் சாப்பாட்டோடு முடிந்துவிட்டது என்பது செவலை மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

செவலை, வீட்டு நாய். மாமனார் ஹாலில் டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தால் அது அவர் காலடியில் படுத்துக்கொள்ளும். அவர் இரண்டு பாதங்களையும் அதன் முதுகில் வைத்துக்கொள்வார். நான் காபியைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் நின்றதும் ஓர் உறுமல் வரும். பல்லைக் காட்டாது, எழுந்திருக்காது. தொண்டைக்குள் கிரைண்டர் ஓடுவதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். மாமியார் வந்தால் உறுமாது. கணவர் வந்தால் வாலாட்டும். மீன்காரர் வந்தால் வாசல் வரை போய்க் கும்பிடாத குறையாக நிற்கும். உறுமல் எனக்கு மட்டும்.

"வாயில்லா சீவன். அதுக்கு என்னமோ தெரியுது" என்றார் மாமியார்.

அறந்தாங்கியிலிருந்து வந்த நாத்தனார், என்னிடம் நெகட்டிவ் எனர்ஜி இருப்பதாகச் சொல்லி, போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். தக்காளியைத் தேய்த்தால் முகம் வெளுக்கும் என்று முந்தின மாதம் சொன்ன அதே ஆள்தான் அந்த வீடியோவிலும் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர், என் ஊர் நாய்களின் வாடை என்மேல் இன்னும் இருக்கும் என்றார். கல்யாணமாகி இத்தனை மாதமாக நான் குளிக்கவே இல்லை என்று நினைத்துவிட்டார்போல. கணவர் மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "பழகப் பழகச் சரியாயிரும்" என்றார். நாயைச் சொல்கிறீர்களா, உங்கள் அம்மாவைச் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

பிறகு மாமியார் குறி கேட்டுவிட்டு வந்தார். குறி சொன்ன அம்மா என்னையும் பார்த்ததில்லை, நாயையும் பார்த்ததில்லை. இருந்தாலும் கோளாறு என் கழுத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்துவிட்டார்.

"அந்தச் சிலுவை செயின வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள கழட்டிரு ஆத்தா. எனக்கொண்ணும் இல்ல, நாய்க்காகத்தான் சொல்றேன்" என்றார் மாமியார்.

அந்தச் சங்கிலி, சிறுவயதில் நான் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று அப்பா போட்டுவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு சமையல் மாறியிருந்தது, உடுப்பு மாறியிருந்தது. "மருமக நடக்கிறது தெருவுக்கா கேக்கணும்?" என்று மாமியார் சொன்னதில் கொலுசும் பெட்டிக்குள் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் சரி அத்தை, சரி அத்தை என்றவளுக்கு இதற்கு வாய் வரவில்லை. ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. அதைக் குளியலறையோடு வைத்துக்கொண்டேன்.

வாயுள்ளவர்களிடம் கேட்டு ஆயிற்று, இனி அந்த வாயில்லா ஜீவனையே கவனிப்போம் என்று முடிவு செய்தேன். அந்த வாரம் முழுக்க அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தேன். வாசல் வழியாக, மாமனாரின் வலப்பக்கமாகப் போனால் செவலை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அடுப்படி அவருக்கு இடப்பக்கம். அங்கிருந்து போய் நின்றால் உறுமியது. அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தேன். நான் போய் நின்றதும் மனிதர் திடுக்கிட்டார். இரண்டு பாதமும் நாயின் முதுகில் நச்சென்று அழுந்தின. உறுமல் அதற்குப் பிறகுதான் வந்தது. செவலை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன்னை மிதித்தவரைத்தான் அண்ணாந்து பார்த்து உறுமியது.

மாமியாரும் அதே அடுப்படியிலிருந்துதான் வருவார். ஆனால் அவர் வருவதற்கு வெகுநேரம் முன்பே அவர் குரல் வந்துவிடும், அதனால் மாமனார் திடுக்கிடுவதில்லை. நானோ கொலுசையும் கழற்றிவிட்டு, நல்ல மருமகளாகச் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். சரி, சத்தம் கேட்காவிட்டால் என்ன, வருகிற ஆள் கண்ணுக்குத் தெரியாதா? டம்ளரை அவருடைய இடப்பக்கம் நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் கேட்டின் இடது தூணில் அவர் மொபெட்டின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. வண்டியின் இடது கண்ணாடியும் உடைந்து கிடந்தது. தென்னை மட்டை விழுந்தது என்று சொல்லியிருந்தார்.

"மாமா, இந்தப் பக்கத்துக் கண்ணு தெரியலையா?"

முதலில் டிவி சத்தத்தைக் கூட்டினார். பிறகு குறைத்தார்.

"ஆத்தா, வெளிய சொல்லிராத. வண்டியப் புடுங்கிருவாங்க."

தினமும் மொபெட்டில் ஆலங்குடி டீக்கடைக்குப் போய் வருவதுதான் அவருக்கு உலகம். அந்த வீட்டில் என்னை ஒரு சுடுசொல் சொல்லாதவரும் அவர்தான். பாவமாக இருந்தது. ஆனால் அவர் பாவம், கணவர் பாவம், நாய் பாவம் என்று எல்லோருக்காகவும் என் கழுத்தைக் காலியாக்கிக்கொண்டே போக முடியுமா? போதாததற்கு, ரோட்டில் அவர் இடப்பக்கம் வருகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. ஒங்க வண்டிக்காக என் செயினக் கழட்ட முடியாது" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஹாலில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மாமியார் நம்பவில்லை. அவரை அடுப்படிக்குக் கூட்டிப்போய், இங்கிருந்து பேசாமல் நடந்துபோய் மாமா பக்கத்தில் நில்லுங்கள் என்று காதோடு சொன்னேன். பேசாமல் இருப்பது அவருக்குச் சிரமமான காரியம்தான், இருந்தும் வீம்புக்காகச் செய்தார். மாமனாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. செவலை உறுமியது.

புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். கண்புரை. ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். உறுமல் நின்றது. என் சங்கிலியைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் என் காதில் விழுந்தது: "நாந்தான் கோயில்ல வேண்டிக்கிட்டேன். கொஞ்ச நாள்லயே நாய் அடங்கிருச்சு."

பார்வை தெளிந்து, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு மாமனார் மறுபடி டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். காலடி இல்லாமல் போன செவலை அடுப்படிக்கு இடம் மாறியது. நான் முக்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கும்போது என் காலடியில் படுத்துக்கொள்கிறது. அதன் முதுகு வெதுவெதுப்பாக இருக்கும். பாதத்தை அதன்மேல் வைத்துக்கொள்வது எனக்கும் பழகிவிட்டது. ஹாலிலிருந்து மாமியாரின் குரல் கிளம்பினால் போதும், என் பாதம் தானாக இறுகிவிடும்.

போன வாரம் குரலுக்குப் பின்னாலேயே அவரும் வந்து கதவருகில் நின்றார். செவலை உறுமியது.

"ஏத்தா, இந்த நாய் ஏன் என்னையக் கண்டா மட்டும் காரணமே இல்லாம உறுமுது?"

"வாயில்லா சீவனாச்சே அத்தை. அதுக்கு என்னமோ தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வெண்டைக்காயை எடுத்தேன். காலை மட்டும் எடுக்கவில்லை.