மாமாவின் உள்ளங்கை

அக்காவின் முகூர்த்தப் புடவை இப்போது என் பெட்டியில் இருக்கிறது. அரக்கு நிறப் பட்டு. தோள்பக்கம் நான்கைந்து இடத்தில் நூல் இழுபட்டுச் சுருண்டு நிற்கும். தாலி கட்டும்போது மாமாவின் கை உரசிய இடம் அது. பர்கூர் பக்கம் கல் உடைக்கும் வேலை அவருக்கு. அணைக்கும் ரோட்டுக்கும் லாரி லாரியாகக் கல் போய்க்கொண்டிருந்த ஐம்பதுகள் அவை.

அந்த நாளில் எங்களிடம் வந்து சேர்ந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் என்னை அதிகம் குழப்பியது ‘ரஃப்’. பள்ளியில் அது கணக்கைப் போட்டுப் பார்த்துக் கிழிக்கும் நோட்டு. கிருஷ்ணகிரி பஸ்ஸில் அது குடலைக் குலுக்கும் ரோடு. மேஸ்திரிக்கு இன்னும் செதுக்காத கல். அப்பாவுக்கு உத்தேசமாகச் சொல்லும் விலை. மாமாவைப் பற்றி மட்டும் ஊர்க்காரர்கள் குரலைத் தாழ்த்தி, “ஆளு ரஃப்பு” என்பார்கள். இதில் எந்த ரஃப் என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. பேசவும் மாட்டார், அவ்வளவுதான்.

முதல் குழந்தை பிறந்து புருஷன் வீட்டுக்குப் போன அக்கா, ஒரு குந்தாரப்பள்ளிச் சந்தை நாளில் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். பெற்ற பிள்ளையைத் தூக்கக்கூடப் பிடிக்காதவரோடு இனி வாழப்போவதில்லை என்றாள். மறுநாளே மாமா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குழந்தையைத் தூக்காததற்கு அப்பா காரணம் கேட்டார். மாமா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கை ரஃப்புங்க. பட்டுப் பொடவையே தாங்கல. பச்சக் கொழந்த தோலு எப்பிடித் தாங்கும்?”

அக்கா இளகவில்லை. “கைதான் ரஃப்பு, வாயுமா? இத வூட்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு இங்க வர்றேன்?” என்றாள். மாமா குனிந்து, புறங்கையால் குழந்தையின் காலைத் தொட்டார். சாயங்கால பஸ்ஸில் அக்கா அவரோடு போய்விட்டாள். மனசு ஆறிப் போனாளா, வேறு வழியில்லாமல் போனாளா? பின்னாளில் கேட்டால் சிரித்து மழுப்பினாள்.

பிறகு மாமா கல்லை விட்டுவிட்டு ரோட்டோரம் டிபன் கடை போட்டார். மாவு பிசைந்து பிசைந்து கை மழமழவென்று ஆகிவிட்டது. அப்போதும் பேரக்குழந்தைகளைப் புறங்கையால்தான் தொடுவார். பழக்கமா, பிரியமா, ஒட்டாத சுபாவமா என்று எனக்குப் பிடிபடவேயில்லை. கடைசியாக அவர் படுத்துக் கிடந்தபோது அக்கா அந்த உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “இப்ப ரஃப்பே இல்ல, பாருங்க” என்றாள். அவள் அழுதது துக்கத்திலா கோபத்திலா என்றும் தெரியவில்லை.

புடவையை என்னிடம் தரும்போது, இழுபட்ட நூலை வெட்டிவிடாதே என்று மட்டும் சொன்னாள். வெட்டவில்லை. மடித்து வைக்கும்போதெல்லாம் அது என் விரலில் மாட்டுகிறது.